பத்துமடங்கு சமர்த்து யாருக்காக?

பொதுத்தேர்வு நெருங்கும்போது நம் சபைகளில் பரீட்சை ஜெபம் நடக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய் முழங்காலில் நிற்பார்கள். ஆயர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். அந்த ஜெபத்தில் தானியேல் தவறாமல் வந்துவிடுவார். பாபிலோன் ராஜா விசாரித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிடப் பத்துமடங்கு சமர்த்தராக இருந்தாரே, அப்படியே எங்கள் பிள்ளைகளையும் ஆக்கும் ஆண்டவரே என்று. அப்புறம் உபாகமம் 28. கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார். பெற்றோர் கண்ணீரோடு ஆமென் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், என் பிள்ளைகளுக்காகவும், என் வகுப்புப் பிள்ளைகளுக்காகவும்.

அந்த ஜெபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டில் முதல் ஆளாகப் பள்ளி இறுதிவரை வந்த பிள்ளைக்கு அந்தக் கை எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி வந்தவள்தான். ஆனால் பள்ளியில் உயிரியலும் ஞாயிறு பள்ளியில் வேதமும் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் ஒரு கேள்வி என்னோடு இருந்தது. பத்துமடங்கு சமர்த்து கிடைத்ததே, தானியேல் அதை வைத்து என்ன செய்தார்?

பதில் தானியேல் புஸ்தகத்தின் அடுத்த அதிகாரத்திலேயே இருக்கிறது. ராஜா ஒரு கனவு கண்டு அதை மறந்துபோகிறான். கனவையும் சொல்லி அதன் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தேசத்து ஞானிகள் எல்லாரையும் கொன்றுபோடுங்கள் என்கிறான். தேவன் அந்த மறைபொருளைத் தானியேலுக்கு வெளிப்படுத்துகிறார். தானியேல் முதலில் தேவனைத் துதிக்கிறார். அதன்பின் கொலைக் கட்டளையோடு நிற்கிற ஆரியோகிடம் போய் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "பாபிலோனின் ஞானிகளை அழிக்காதேயும்." அந்த ஞானிகள் யார்? ஜோசியர்கள், சூனியக்காரர்கள், தன்னைச் சிறைபிடித்து வந்த தேசத்தின் ஆட்கள். இன்றைய பேச்சில் சொன்னால், அதே பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள். தானியேலின் படிப்பு முதலில் காப்பாற்றியது அவர்கள் உயிரைத்தான். இந்தப் பகுதியை எந்தப் பரீட்சை ஜெபத்திலும் நான் கேட்டதில்லை. தரவரிசைப் பட்டியலில் முன்னால் நிற்கிறவன் அழிந்தால் நமக்கு ஓர் இடம் கிடைக்கும் என்ற நினைப்போடு பிள்ளைகள் வளர்கிற இந்தக் காலத்தில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், படிப்பைக் கண்டு பயப்படுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு வசனம் கையிலேயே இருக்கிறது: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்." அதிகம் படித்தால் விசுவாசம் போய்விடும், பெண் பிள்ளை அடங்க மாட்டாள் என்பதற்கெல்லாம் இதைச் சொல்லிவிடுவார்கள். 1 கொரிந்தியர் 8ஐ முழுதாகப் படித்தால் பவுல் யாரிடம் பேசுகிறார் என்பது தெரியும். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று சரியாகவே தெரிந்துகொண்ட சிலர், படைத்த இறைச்சியைத் தயங்காமல் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்த பலவீனமான மனச்சாட்சியுள்ள ஒருவன் இடறிப்போகிறான். அதைப் பற்றி இவர்களுக்குக் கவலை இல்லை. "பலவீனமுள்ள சகோதரன் உன் அறிவினிமித்தம் கெட்டுப்போகலாமா? அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே" என்று பவுல் கேட்பது அங்கேதான். அவர்களுக்குத் தெரிந்தது சரிதான். பக்கத்தில் இருந்த ஆளைத்தான் அவர்கள் பார்க்கவில்லை. படிக்காதே என்று பவுல் சொன்னதாக எடுத்துக்கொண்டால், அதே பவுல் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவிடம் மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொன்னதை என்ன செய்வது? குளிருக்கு அங்கி கேட்ட அதே மூச்சில் புஸ்தகமும் கேட்கிறார்.

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த பெர்னார்டு, உன்னதப்பாட்டைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் இதைப் பிரித்துச் சொல்கிறார். சிலர் தெரிந்துகொள்வதற்காகவே தெரிந்துகொள்கிறார்கள், சிலர் பேர் வாங்க, சிலர் விற்றுப் பணமோ பதவியோ பெற. சிலர் பிறரைக் கட்டியெழுப்பத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், அது அன்பு என்கிறார். தெரிந்துகொள்வதற்காகவே தெரிந்துகொள்வதை அவர் கண்டிப்பதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் கடைசியாகச் சொன்னது எப்படி நடக்கும் என்பதை நான் வேலூர்ப் பக்கத்தில் வளர்ந்ததால் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பால் பிராண்டு 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்டு மலைமேல் ஊழியம் செய்த மிஷனரி. மகன் இங்கிலாந்தில் பள்ளியில் இருந்தபோது, 1929இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் அப்பா இறந்துபோனார். பால் முதலில் கட்டட வேலையும் தச்சும் கற்றார், பிறகுதான் மருத்துவம். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். காக்ரேன் தோலில் வரும் மாற்றங்களைக் காட்டிக்கொண்டே போக, பிராண்டின் கண் நோயாளிகளின் கைகள்மேலேயே இருந்தது. மடங்கிப்போன கை, குட்டையான விரல்கள். ஏன் இப்படி ஆகிறது, எலும்பு மருத்துவர் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டார். யாருமே இல்லை என்பதுதான் பதில்.

அங்கே மடங்கிய விரல்களோடு இருந்த ஓர் இளைஞனிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தமட்டும் இறுக்கிப் பிடி என்றார். செயலிழந்த கை, ஒன்றும் இருக்காது என்று நினைத்திருக்கிறார். அவன் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அப்படியானால் தசைகள் சாகவில்லை. எல்லாம் அழுகி விழுகிறது என்று ஊரும் உலகமும் நம்பிய அந்தக் கைக்குள் நல்ல பலமுள்ள தசைகள் இருந்தன.

அதற்குப் பிறகு அவரும் கூட இருந்தவர்களும் செய்ததுதான் எனக்கு முக்கியம். ஏராளமான நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எங்கே தொட்டால் தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று எழுதிவைத்தார்கள். ஓர் ஒழுங்கு தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு என்று நரம்பு தோலுக்கு அருகில் வரும் இடங்களில்தான் சேதம் அதிகம். முன்கையில் மேலே இருக்கும் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அப்படியானால் தப்பிய தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இணைக்கலாம். 1948 வாக்கில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. தொழுநோயாளிக்குப் படுக்கை கொடுக்கவே மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது.

கை திறந்தது, ஆனால் புண்கள் நிற்கவில்லை. அந்த நோயாளிகளுக்காகக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் கட்டி, தச்சு வேலை, பொம்மை செய்யும் வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கே தினமும் எல்லாருடைய கைகளையும் பார்த்து, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். கீழே பார்த்தால் இரத்தச் சொட்டு. சாவி விரலை எலும்புவரை கிழித்திருக்கிறது, பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி இல்லாததால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. கிருமி விரலைத் தின்பதில்லை. உணர்வை எடுத்துவிடுகிறது. மற்றதைச் சூடான டம்ளரும் சுத்தியல் பிடியும் விளக்கின் தீயும் செய்கின்றன.

சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. ஒருவர் விழித்திருந்து காவல் காத்தார். எலி வந்து தூங்குகிறவர் கையைக் கடித்துத் தின்றது, அவர் அசையவே இல்லை. அன்று முதல் வீட்டுக்குத் திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சிரிப்பார்கள், அடுத்த நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். நான் அவர்களிடம் சொல்வது இதுதான். அதற்கு முன்பும் அன்பு இருந்தது. நூற்றாண்டுகளாகச் சபை தொழுநோயாளிக்குக் கஞ்சி ஊற்றியது, புண்ணுக்குத் துணி கட்டியது, அவரோடு ஜெபித்தது. தொட்டுப் பராமரித்த கன்னியாஸ்திரீகள் இருந்தார்கள். இயேசு மனதுருகிக் கையை நீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதியதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது விலை மதிக்க முடியாதது. ஆனாலும் விரல்கள் குறைந்துகொண்டே போயின. ஏன் குறைகிறது என்று கேட்டு, பொறுமையாக உட்கார்ந்து, கணக்கெழுதி, இரவெல்லாம் விழித்திருந்து பார்த்த பிறகுதான் விரல் தப்பியது. மறுபக்கம், உலகத்தில் மருத்துவப் படிப்புக்கும் குறைச்சல் இல்லை. அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க மனம் இல்லாததால் பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை. முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழு மனதோடும் அன்புகூரு என்று ஆண்டவர் சொன்னதில் மனமும் இருக்கிறது. பிறனை முழு மனதோடு நேசிப்பது என்றால் அவனுக்கு என்ன ஆகிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ளும் உழைப்பும் அதில் அடங்கும்.

மார்கரெட் பிராண்டையும் சொல்லாமல் விட முடியாது. பாலின் மனைவி, மருத்துவர். கண் மருத்துவம் அவர் படித்த துறை இல்லை. ஆள் இல்லை என்று அந்தப் பிரிவில் போட்டார்கள், அங்கேயே கற்றுக்கொண்டார். தொழுநோயாளிக்கு இமை மூடும் தசை செயலிழந்தால் கண் காய்ந்து பார்வை போய்விடும். அதைத் தடுப்பதே அவர் வாழ்நாள் வேலையாயிற்று.

இப்போது என் அப்பாவைப் பற்றி.

அப்பா செருப்புத் தைத்தவர். எட்டாவதுவரை படித்தவர். எங்கள் வட்டாரத்தில் தோல் வேலை என்றால் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். பள்ளியில் "அப்பா என்ன வேலை" என்று கேட்டால் என் அண்ணன் "ஆஸ்பத்திரியில்" என்று மட்டும் சொல்வான். அது பொய்யும் இல்லை. ஒரு தொழுநோய் மருத்துவமனையின் செருப்புப் பட்டறையில்தான் அப்பாவுக்கு வேலை.

எம்.சி.ஆர். செருப்பு என்றால் வேலூர்ப் பக்கம் பலருக்குத் தெரியும். மிருதுவான நுண்துளை ரப்பரில் செய்தது. உணர்வு இல்லாத பாதத்துக்குச் சாதாரணச் செருப்பு ஆபத்து. ஆணி அடிக்கக் கூடாது. ஆணி மேலே வந்து குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது, நாள் முழுக்க நடப்பார். பசை, தையல், அவ்வளவுதான். பின்பட்டை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம். இதெல்லாம் விதி. ஆனால் ஒவ்வொரு பாதமும் வேறு. மை தடவிய ரப்பர் விரிப்பின்மேல் தாளை வைத்து நடக்கச் சொல்வார்கள். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே மை கருப்பாக விழும். அப்பா அந்தத் தாளை வீட்டுக்குக்கூடக் கொண்டுவந்து விளக்கடியில் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த இடத்துல இன்னும் புண்ணு வரல, வரும். இப்பவே குழி எடுத்துரணும்" என்பார். பெருவிரலுக்குக் கீழே அவர் காட்டுகிற இடத்தை நான் பார்ப்பேன். எனக்கு வெறும் கறை. அவருக்கு அது ஓர் ஆள், அவர் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை இருக்கும் தூரம், அவர் தலையில் சுமக்கும் விறகு.

அப்பா ஒரு வேத பாடமும் எடுத்ததில்லை. கூச்ச சுபாவம். ஆனால் கிறிஸ்தவன் எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மைத்தாள்தான். ஓர் அறுவை மருத்துவருடைய அறிவும் எட்டாவது படித்த செருப்புத் தொழிலாளியுடைய அறிவும் ஒரே பாதத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மருத்துவர்கள் பட்டறைக்கு வந்து அப்பாவிடம் சந்தேகம் கேட்பார்கள். அங்கே யார் தலை, யார் வால்? அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லாமல் இருந்தது.

சரி, எல்லாப் படிப்பும் இப்படி ஒரு புண்ணை ஆற்றியே ஆக வேண்டுமா? என் மாணவர்கள் கேட்பார்கள், "டீச்சர், நட்சத்திரம் பத்திப் படிச்சா யாருக்கு லாபம்?" இங்கேதான் பெர்னார்டோடு எனக்குக் கொஞ்சம் தகராறு. கேம்பிரிட்ஜில் 1874இல் திறந்த கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தின் வாசற்கதவில் லத்தீனில் ஒரு வசனம் செதுக்கியிருக்கிறது. ஆய்வகத்தின் முதல் பேராசிரியர் மேக்ஸ்வெல், ஆழ்ந்த விசுவாசி. வசனம் சங்கீதம் 111: "கர்த்தரின் செய்கைகள் பெரியவைகளும், அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது." பிரியம் இருந்தால் ஆராய்வார்கள் என்கிறது சங்கீதம். பிரியப்பட்ட ஒருவரின் கைவேலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு வேறு லாபம் எதற்கு? வகுப்பில் வெங்காயத் தோலை முதல்முறை நுண்ணோக்கியில் பார்த்து "ஐயோ, கட்டம் கட்டமா இருக்கு டீச்சர்!" என்று கத்தாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தக் கத்தல் ஒரு துதி. மதிப்பெண் அதற்கு அப்புறம்தான். முழங்கையில் நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று பழைய உடற்கூறு வல்லுநர்கள் பொறுமையாக வரைந்துவைத்ததும் அப்படிப்பட்ட ஆர்வத்தில்தான். தொழுநோயாளியின் கை அவர்கள் நினைவிலேயே இருந்திருக்காது.

அதனால் எனக்கு இரண்டும் வேண்டும், தேவன் செய்ததைப் பார்த்து மகிழ்வதும் பிறனுக்கு உதவுவதும். தேவனிடத்தில் அன்புகூரு, பிறனிடத்தில் அன்புகூரு என்ற இரண்டு கட்டளையும் அந்த வரிசையில்தானே வருகின்றன.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் சபையில் ஒரு பெண். விலங்கியலில் எம்.எஸ்.ஸி. முடித்திருக்கிறாள். பாலாற்றைப் பற்றி ஆராய வேண்டும் என்கிறாள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் என்ன செய்தது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் தீர்ப்பும் வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியா முழுக்க மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. இப்போது அந்த மண்ணிலும் தண்ணீரிலும் சிற்றுயிர்களில் எவை மிச்சம், எவை திரும்பி வருகின்றன என்று அவள் பார்க்க விரும்புகிறாள். எங்கள் குடும்பம் சாப்பிட்ட சோறும் தோலில் வந்த சோறுதான், அதனால் இது எனக்கு வெறும் அடுத்தவர் பிரச்சினை இல்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனவர்களும் தொழிற்சாலைக் கூலியில் வாழ்கிறவர்களும் பல வீடுகளில் ஒரே ஆட்கள்தான். இருவருக்கும் நியாயம் செய்ய வேண்டுமென்றால் முதலில் உண்மை தெரிய வேண்டும். அதற்கு ஒருவர் வருடக்கணக்காகச் சேற்றில் நின்று எண்ண வேண்டும்.

அவள் அப்பாவுக்கு விருப்பமில்லை. "இது ஊழியமும் இல்ல, உத்தியோகமும் இல்லயே டீச்சர்" என்றார். உத்தியோகத்தைப் பற்றி அவர் கேட்டது நியாயம். உதவித்தொகை எவ்வளவு, எத்தனை வருடம், அதற்குள் கல்யாணப் பேச்சு என்று அவருக்கு ஆயிரம் கவலை. அவற்றுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஊழியம் இல்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டு, இல்லாமல், மூன்று பெண்களும் இறந்த பிறகுதான் அங்கிருந்த மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1918இல் அவர் வேலூரில் பெண்களுக்காக, பின்னாளில் சி.எம்.சி. ஆன மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோதும் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அதே அப்பாக்கள் அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்க உபவாசம் இருக்கிறார்கள். இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க ஒரு தடவ வீட்டுக்கு வந்து அவங்கம்மாகிட்டயும் பேசுங்க" என்றார். போகிறேன்.

அதற்கு முன், ஞாயிறு பள்ளியின் பெரிய பிள்ளைகளுக்கு அவளையே ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பாலாற்று ஊற்றுத் தண்ணீரையும் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். நான் ஓய்வு பெற்றுவிட்டதால் பள்ளி ஆய்வகத்தை உரிமையோடு கேட்க முடியாது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் யாரிடமாவது வேலை செய்கிற நுண்ணோக்கி இருந்து ஒரு ஞாயிறு மட்டும் இரவல் கொடுக்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள். நானே வந்து எடுத்துக்கொண்டு, நானே திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்.